சட்டத்தில் பொறித்த எண்

எம்35ஏ2 என்னும் அமெரிக்க ராணுவ லாரியின் டேஷ்போர்டில் கைக்கடக்கமான உலோகத் தகடு ஒன்று இருக்கும். அதில் 2320-00-077-1616 என்று பதின்மூன்று இலக்கங்களில் ஓர் எண். ஏலத்தில் லாரியை எடுத்தவர் இதைத்தான் வண்டியின் அடையாள எண் என்று எடுத்துக்கொள்வார். நீளமாக இருக்கிறது, நடுவில் கோடு போட்டுப் பிரித்திருக்கிறது, பார்த்தாலே அரசாங்க எண் என்று தெரிகிறது. பதிவுப் படிவத்திலும் அதையே எழுதிவிடுவார். ஆனால் அந்த எண் அந்த லாரியுடையது இல்லை. வின்ச் பொருத்தாத எம்35ஏ2 சரக்கு லாரி எத்தனை உண்டோ அத்தனைக்கும் அதே எண்தான். வின்ச் பொருத்தியவற்றுக்கு அது 1617 என்று முடியும். சாக்கின் மேல் ‘புழுங்கல்’ என்று அச்சடித்திருப்பதை அந்த மூட்டையின் வரிசை எண் என்று எழுதிக்கொண்டு போவதைப் போன்றது இந்தத் தவறு.

தேசியக் கையிருப்பு எண் என்று அதற்குப் பெயர். முதல் நான்கு இலக்கங்கள் பொருளின் இனத்தைச் சொல்லும். 2320 என்றால் சக்கரத்தில் ஓடும் லாரிகளும் இழுவை லாரிகளும். அடுத்த இரண்டு இலக்கங்கள், பட்டியலில் சேர்த்த நாட்டைச் சொல்லும். அமெரிக்காவுக்கு 00, 01, பிரிட்டனுக்கு 99, இந்தியாவுக்கு 72. மிச்சமுள்ள ஏழும் பொருளுக்கு. 1974 வரை நாட்டுக்குரிய இரண்டு இலக்கங்கள் கிடையாது, மொத்தமே பதினொன்றுதான். ஆகவே தகட்டில் பதினோரு இலக்கம் இருந்தால் அது 1974-க்கு முன் அடித்த தகடு என்று துணிந்து சொல்லலாம். அடையாள எண்ணாக உதவாத ஒன்று காலக்கணக்குக்கு உதவுகிறது. ராணுவ வண்டிகளைத் துருவத் தொடங்கினால் இப்படித்தான், தேடியது ஒன்று, கிடைப்பது வேறொன்று.

அதே தகட்டில் இன்னும் சில எண்கள் இருக்கும். தயாரிப்பாளர் இட்ட வரிசை எண், ராணுவப் பதிவு எண், ஒப்பந்த எண், வண்டியை ஒப்படைத்த தேதி. பக்கத்துத் தகடுகளில் எடை, நீள அகலம், கியருக்கு எவ்வளவு வேகம் என்ற விவரங்கள். பம்பரில் வெள்ளைப் பெயின்டில் எழுத்தும் எண்ணுமாக வேறொரு வரிசை. இன்ஜினில் தனி எண். சேஸில் தனி எண். இத்தனையில் எது ‘அந்த’ எண்? உபரி லாரி வாங்கியவருடைய கேள்வி இதுதான். கேள்வி எளிது. ராணுவம் ஒரு பதில் சொல்கிறது, மோட்டார் வாகனச் சட்டம் வேறொரு பதில் சொல்கிறது. சிக்கல் அங்கே தொடங்குகிறது. என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: தகட்டை நம்பலாம், ஆனால் சேஸைப் பார்த்த பிறகு.

ராணுவத்தின் பக்கத்திலிருந்து பார்ப்போம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ வண்டியை அடையாளம் காட்டியது பானட்டின் இரு பக்கமும் பெயின்டில் எழுதிய பதிவு எண். முன்னால் ‘டபிள்யூ’ என்ற எழுத்து இருக்கும், போர்த்துறையைக் குறிக்க. தொடரும் இலக்கங்களின் தொடக்கமே வண்டி இன்னதென்று சொல்லிவிடும். 20 என்று தொடங்கினால் ஜீப். 4 என்றால் 2½ டன் லாரி. 6 மோட்டார் சைக்கிள், 7 ஆம்புலன்ஸ், 30 டாங்கி. கடைசியில் ‘எஸ்’ என்று ஒட்டியிருந்தால், ரேடியோவில் இரைச்சல் வராதபடி மின்சாரப் பகுதிகளை அடக்கிய வண்டி என்று பொருள். தொடக்கத்தில் இந்த எண்களை மங்கலான நீலச்சாயத்தில் எழுதினார்கள். பச்சை மேல் நீலம். பத்தடி தள்ளி நின்றால் கண்ணுக்குத் தெரியாது, பழைய புகைப்படங்களில் சுத்தமாகவே மறைந்துவிடும். பிறகு வெள்ளைக்கு மாற்றினார்கள்.

கவனிக்க வேண்டியது, எழுதியது பெயின்டில் என்பதுதான். மேலே ஒரு கோட் அடித்தால் போயிற்று. பானட் நசுங்கி வேறு வண்டியின் பானட்டை மாட்டினாலும் போயிற்று. ராணுவம் இதற்காகக் கவலைப்படவில்லை, ஏனென்றால் அதன் கணக்கு புத்தகத்தில் இருந்தது. எந்தப் பிரிவிடம் எந்தப் பதிவு எண் என்று ஏட்டில் இருந்தால் போதும். இரும்பு இரும்பாக ஒப்பிட்டுப் பார்க்கும் தேவை போர்க்களத்தில் யாருக்கு வந்தது? போர்க்கால ஜீப்பின் தகட்டில் வரிசை எண்ணும் ஒப்படைத்த தேதியும் இருக்கும், பானட்டில் எழுதிய பதிவு எண் இருக்காது. ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கணக்குப் போட்டு எடுக்கவும் வழியில்லை. ஆதலால் தன் ஜீப்பின் போர்க்கால எண்ணை அறிய விரும்புகிறவர்கள் பானட்டின் பக்கத்தை ஈர உப்புத்தாளால் பூச்சுப் பூச்சாகத் தேய்க்கிறார்கள். ஏழெட்டுப் பூச்சுக்கு அடியில் பழைய இலக்கத்தின் விளிம்பு தெரிந்தால் அன்றைக்குத் தீபாவளி. அவசரப்பட்டு ஒரு தேய்ப்பு கூடுதலாகத் தேய்த்தால் வெறும் தகரம்.

பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே போனது. போர்க்காலத்தில் அதன் வண்டிகளுக்கு வகை எழுத்தோடு சேர்ந்த எண் இருந்தது. ‘எல்’ என்றால் லாரி, ‘சி’ என்றால் மோட்டார் சைக்கிள், ‘டி’ என்றால் டாங்கி. 1949-இல் அந்த முறையைக் கைவிட்டு, இரண்டு இலக்கம், இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம் என்ற புது முறைக்கு மாறினார்கள். பணியில் மிச்சமிருந்த போர்க்கால வண்டிகளும் புது எண் பெற்றன. ஒரே லாரி, ஒரே ராணுவம், இரண்டு பெயர். பம்பர் எழுத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க வண்டியில் அது எந்தப் படை, எந்தப் பிரிவு, அந்தப் பிரிவில் எத்தனையாவது வண்டி என்று சொல்லும். பிரிவு மாறினால் எழுத்தும் மாறும். அதை அடையாள எண் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள், பாவம்.

இனி சட்டத்தின் பக்கம். இன்று நாம் அறிந்த பதினேழு எழுத்து வாகன அடையாள எண் அமெரிக்காவில் 1981 மாடல் வண்டிகளிலிருந்துதான் கட்டாயமானது. அதில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று எழுத்துகள் வராது. 1, 0 என்ற இலக்கங்களோடு குழம்பக் கூடாதென்று விட்டுவிட்டார்கள். ஒன்பதாம் இடத்தில் இருப்பது சரிபார்ப்பு இலக்கம். மற்ற எழுத்துகளுக்கெல்லாம் மதிப்புக் கொடுத்து, இடத்துக்கேற்பப் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து வரும் மிச்சம் அது. மிச்சம் பத்து என்றால் ‘எக்ஸ்’ போடுவார்கள். படிவத்தில் ஓர் எழுத்துத் தவறினாலும் கணினி பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும்.

ராணுவ லாரிக்கு இது எதுவும் கிடையாது. ராணுவ ஒப்பந்தத்தின் விவரக்குறிப்புப்படி தயாரித்து நேரடியாகப் படைகளுக்கு விற்ற வண்டிகளுக்கு அமெரிக்கக் கூட்டாட்சி வாகனப் பாதுகாப்பு விதிகள் பொருந்தாது என்று அந்த விதிகளே சொல்கின்றன. அதனால் 1981-க்குப் பிறகு வந்த ராணுவ லாரியிலும் பதினேழு எழுத்தைத் தேடுவதில் பயனில்லாமல் போகலாம். பதிவு அலுவலகக் கணினியோ பதினேழு கட்டங்களை விரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். லாரியிடம் இருப்பது சில இலக்கங்களே கொண்ட ஆலை வரிசை எண். முன்னால் சைபர்களைப் போட்டு நிரப்பிக்கொடுத்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். இல்லாத சைபரை நீங்கள் எழுதிய நாளிலிருந்து காகிதத்தில் இருப்பது வேறு லாரி.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. வண்டியைத் தாங்கும் இரும்புக்கும் சட்டம் என்று பெயர், அரசு போடும் விதிக்கும் சட்டம் என்று பெயர். இரண்டாவது சட்டம் கேட்பது முதல் சட்டத்தில் பொறித்திருப்பதைத்தான். இன்ஜின் மாறும், கேபின் மாறும், தொட்டி மாறும். சேஸ் மாறினால் அது அந்த வண்டியே இல்லை என்பது உலகெங்கும் வாகனப் பதிவின் அடிப்படை நம்பிக்கை. ராணுவம் அப்படி நம்பவில்லை. அதற்கு ஒரு 2½ டன் லாரி இன்னொரு 2½ டன் லாரிக்குச் சமம்.

ராணுவத்தின் இந்தப் போக்குக்கு நல்ல எடுத்துக்காட்டு மறுசீரமைப்பு. உலகப் போர் முடிந்தபின் பசிபிக் தீவுகளில் கைவிட்ட அமெரிக்க வண்டிகளை 1940களின் பிற்பகுதியில் ‘ரோல்-அப்’ என்ற பெயரில் திரட்டி ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஜப்பானியத் தொழிலாளர்கள் அவற்றை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார்கள். இன்ஜின்கள் ஒரு வரிசையில், அச்சுகள் ஒரு வரிசையில், கேபின்கள் ஒரு வரிசையில். பழுது பார்த்து மறுபடி கோக்கும்போது எந்தக் கேபின் எந்தச் சேஸிலிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் காரணமில்லை. 1950-இல் கொரியப் போர் மூண்டபோது அப்படிக் கோத்த வண்டிகள்தான் முதலில் கைகொடுத்தன. பிற்காலத்தில் யூட்டாவின் டூயிலா, டெக்சாஸின் ரெட் ரிவர் போன்ற ராணுவப் பணிமனைகளிலும் லாரிகள் இதே வகையில் புதுப்பிறவி எடுத்தன. பணிமனையின் பெயரும் தேதியும் பொறித்த கூடுதல் தகடு ஒன்று டேஷ்போர்டில் ஏறிவிடும். அந்தத் தேதியை லாரி பிறந்த தேதியாக எழுதிக்கொள்வது அடுத்த பொதுத் தவறு.

எம்35 வரிசையில் இது இன்னும் சிக்கலாகிறது. ரேன்சம் இ. ஓல்ட்ஸ் என்பவர் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு தொடங்கிய ‘ரியோ’ நிறுவனம் மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங்கில் இந்த லாரியை வடிவமைத்து, 1950 வாக்கில் தயாரிக்கத் தொடங்கியது. சீட்டாட்டத்தில் இரண்டுக்கு ‘டியூஸ்’ என்று பெயர். 2½ டன் சுமை என்பதால் சிப்பாய்கள் இதை ‘டியூஸ் அண்ட் எ ஹாஃப்’ என்றார்கள். ஸ்டூட்பேக்கரும் இதைத் தயாரித்தது. 1964-இல் இண்டியானாவின் சவுத் பெண்டில் இருந்த ஸ்டூட்பேக்கர் ஆலை கைசர்-ஜீப் கைக்குப் போனது. 1970-இல் கைசர்-ஜீப்பை அமெரிக்கன் மோட்டார்ஸ் வாங்கியது. அடுத்த ஆண்டு ராணுவ வேலைக்கென்று ‘ஏஎம் ஜெனரல்’ பிறந்தது. நிறுவனத்துக்கு நிறுவனம் வரிசை எண் முறை வேறு. ஒரே வகை லாரிதான். தகட்டில் தயாரிப்பாளர் பெயரைப் படிக்காமல் எண்ணை மட்டும் படித்தால் பொருள் விளங்காது. பிறகு 1990களில் பழைய லாரிகளில் ஒரு பகுதியைப் பிரித்து, கேட்டர்பில்லர் இன்ஜினும் தானியங்கி கியரும் பொருத்தி எம்35ஏ3 என்று புதுப் பெயர் சூட்டினார்கள். தகடு 1990களைச் சொல்லும். அடியில் இருக்கும் இரும்பு அதைவிட மூத்தது.

தயாரித்த ஆண்டைத் துல்லியமாக அறிய நான் பெரிதும் நம்புவது ஒப்பந்த எண்ணை. பலர் அதைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. ‘டிஏஏஇ07’ என்று அது தொடங்கினால், மிச்சிகனின் வாரனில் இருக்கும் ராணுவ டாங்கி-மோட்டார் வாகனத் தலைமையகம் போட்ட ஒப்பந்தம் என்று அர்த்தம். அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் நிதியாண்டு. 81 என்றிருந்தால் 1981 நிதியாண்டு. அது தொடங்கியது 1980 அக்டோபர் 1-ஆம் தேதி. 1976 வரை அமெரிக்க அரசின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கியது என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். ஒப்பந்தம் போட்டது ஓர் ஆண்டு, லாரி வெளிவந்தது அடுத்த ஆண்டு, ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது அதற்கும் அடுத்த ஆண்டு என்று இருப்பதில் வியப்பில்லை. ‘மாடல் ஆண்டு’ என்ற ஒன்றே ராணுவ லாரிக்கு இல்லை. படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு ஒப்படைத்த தேதியைத்தான் எழுத வேண்டியிருக்கும். தகட்டுத் தேதிக்கும் ஒப்பந்த ஆண்டுக்கும் இடையே பத்து வருடம் விழுந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். தகடு இடம் மாறியிருக்கிறது, அல்லது லாரி பணிமனைக்குப் போய்வந்திருக்கிறது.

இனி சேஸுக்கு அடியில் போய்ப் படுக்கலாம். எங்கே தேடுவது என்பதற்கு மிகத் தெளிவான விடை கிடைப்பது போர்க்கால ஜீப்பில்தான். ஒரே வரைபடத்தில் வில்லிஸ் சுமார் 3,60,000 ஜீப்புகளையும் ஃபோர்டு சுமார் 2,78,000 ஜீப்புகளையும் செய்தன. உதிரிப் பாகங்கள் மாற்றிப் போடத் தக்கவை. இரண்டையும் ஒன்றாகத்தான் ராணுவம் பார்த்தது. ஆனால் எண் இட்ட முறை வேறு. வில்லிஸ் ஜீப்பில் சேஸ் எண் ஒரு சின்னத் தகட்டில் இருக்கும். அந்தத் தகடு முன் பம்பருக்குப் பின்னால், இடதுபக்கச் சட்டத்தின் உட்புறம் ரிவிட் அடித்திருக்கும். ஃபோர்டு நேராக இரும்பிலேயே குத்தியது. இடதுபக்கச் சட்டத்தின் மேல்முகத்தில், முன் ஷாக் அப்சார்பர் தாங்கியின் அருகே ‘ஜிபிடபிள்யூ’ என்ற எழுத்துகளும் தொடர்ந்து இலக்கங்களும். இன்ஜின் எண் இரண்டிலும் பிளாக்கின் வலதுபக்கத்தில், ஆயில் ஃபில்டர் பக்கமாக இருக்கும். ஃபோர்டு ஆலையை விட்டு வெளிவந்தபோது இன்ஜின் எண்ணும் சேஸ் எண்ணும் ஒன்றே. வில்லிஸில் அப்படி இல்லை. ஃபோர்டு ஜீப்பில் இரண்டும் இன்றைக்கும் பொருந்தினால் அந்த வண்டி அதிகம் கைபடாதது என்று கொள்ளலாம்; வில்லிஸில் பொருந்தவில்லை என்று வருத்தப்படுவதில் பொருளே இல்லை.

எண் துருவில் கரைந்துபோனாலும் ஒரு தடயம் கரையாது. ரேடியேட்டருக்கு முன்னால் இரு சட்டங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். வில்லிஸ் சேஸில் அது உருண்டையான குழாய். ஃபோர்டு சேஸில் கவிழ்த்த பகரம் போன்ற பட்டை வடிவம். குளோவ் பாக்ஸ் கதவில் இருக்கும் தகடு வில்லிஸ் என்கிறது, குறுக்குச் சட்டம் கவிழ்த்த பகரமாக இருக்கிறது என்றால், தகடு வேறு வண்டியிலிருந்து வந்தது. விவாதத்துக்கே இடமில்லை. ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட் தலையில்கூட, ‘எஃப்’ எழுத்தைப் பொறித்தது இன்னொரு துணை. ஆனால் போல்ட்டை வைத்து வண்டியைத் தீர்மானிக்கக் கூடாது. எண்பது வருடத்தில் போல்ட் எங்கெல்லாம் போயிருக்கும்!

லாரிகளில் இவ்வளவு திட்டவட்டமாகச் சொல்ல முடிவதில்லை. தயாரிப்பாளரும் ஆண்டும் மாற மாற இடமும் மாறுகிறது. ஆனாலும் தேடுவதற்கு ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளலாம். முதலில் முன் பம்பருக்கும் கமான் பட்டையின் முன்தாங்கிக்கும் இடைப்பட்ட பகுதி, இரு பக்கமும், வெளிமுகம். பிறகு அதே இடத்தின் மேல்முகம். பிறகு முன்சக்கரத்தின் பின்னால் கேபினுக்குக் கீழே. கடைசியாகப் பின் கமான் பட்டைகளின் பக்கம். போர்க்கால ஜிஎம்சி லாரியைத் தேடுகிறவருக்கு ஒரு கூடுதல் வசதி, வரிசை எண்ணுக்கு முன்னால் வரும் மாடல் எழுத்துகளே பேசும். ‘சிசிகேடபிள்யூ’ என்பதில் முதல் ‘சி’ 1941-இன் வடிவமைப்பு, இரண்டாவது ‘சி’ வழக்கமான மூக்கு நீண்ட கேபின், ‘கே’ முன்சக்கர இயக்கம், ‘டபிள்யூ’ பின்னால் இரட்டை அச்சு இயக்கம். 353 என்றால் நீளச் சேஸ், 352 என்றால் குட்டைச் சேஸ். எழுத்து 353 என்று சொல்லிச் சக்கர இடைவெளி 164 அங்குலத்துக்குப் பதிலாக 145 வந்தால், அளவு நாடாவை நம்புங்கள்.

சுத்தம் செய்யும்போதுதான் பலரும் எண்ணைக் கொன்றுவிடுகிறார்கள். கிரைண்டரைத் தொடக் கூடாது. மணல்வீச்சும் கூடாது, மெலிதாகக் குத்திய இலக்கத்தின் விளிம்பு அதில் மழுங்கிப்போகும். டீசல் நனைத்த துணியால் கிரீஸை எடுத்து, பெயின்ட் நீக்கியைப் பூசி ஊறவிட்டு, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். பழைய ராணுவப் பெயின்டிலும் அடிப்பூச்சிலும் ஈயமும் குரோமியமும் இருக்கக்கூடும். 1980களுக்குப் பிந்தைய வண்டிகளில் ரசாயனத் தாக்குதலைத் தாங்கும் தனிப் பூச்சு ஒன்றும் உண்டு. எதையும் உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது, முகமூடியில்லாமல் நெருங்கவும் கூடாது. இரும்பு வெளிப்பட்டதும் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நிழல் விழுந்து இலக்கம் எழும். சாக்பீஸைத் தேய்த்து மேற்பரப்பைத் துடைத்தால் குழியில் மட்டும் வெள்ளை நிற்கும். எல்லாவற்றிலும் மேலானது தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுப்பது. இதை அமெரிக்கப் புத்தகத்தில் படித்துக் கற்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. வண்டி கைமாறும்போது சேஸ் நம்பரின் மேல் தாளை ஒட்டிப் பென்சிலால் தேய்த்து ‘சேஸ் பிரிண்ட்’ எடுத்து ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுத்த அனுபவம் தமிழ்நாட்டில் எத்தனையோ பேருக்கு உண்டு.

அரத்தால் ராவி அழித்த எண்ணும் முழுதாகச் சாவதில்லை. எழுத்துக்கட்டையை வைத்துச் சம்மட்டியால் அடிக்கும்போது குழிக்கு அடியிலுள்ள இரும்பும் நெரிந்து இறுகுகிறது. மேல்தளத்தை ராவி எடுத்தாலும் அந்த நெரிந்த பகுதி உள்ளே இருக்கும். அமிலக் கரைசலைத் தடவினால் நெரிந்த இரும்பும் நெரியாத இரும்பும் வெவ்வேறு விதமாக அரிபடும். மறைந்த இலக்கம் மங்கலாக மேலே வரும். காவல்துறைத் தடய அறிவியல் கூடங்கள் துப்பாக்கிக்கும் வண்டிக்கும் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை இது. ஆழமாக ராவினாலோ மேலே வெல்டிங் உருக்கி ஊற்றினாலோ அந்த வழியும் அடைந்துவிடும்.

இரும்பைக் கண்டுபிடித்தாயிற்று. காகிதம் என்ன சொல்கிறது? அமெரிக்க அரசு வண்டியை விற்கும்போது ‘எஸ்எஃப்-97’ என்ற சான்றிதழைத் தருகிறது. அது உரிமைப் பத்திரம் இல்லை. மாநில அலுவலகத்தில் உரிமைப் பத்திரம் பெறுவதற்கான சான்று. ராணுவ உபரியை விற்கும் பொறுப்பு இன்று பாதுகாப்புத் தளவாட முகமையின் கீழ் இருக்கிறது. அடையாள எண்ணுக்கான கட்டத்தில் யாரோ ஓர் எழுத்தர் டேஷ்போர்டுத் தகட்டைப் பார்த்து எழுதியிருப்பார். அவர் எழுதியது வரிசை எண்ணாக இருக்கலாம், பதிவு எண்ணாக இருக்கலாம். அவருக்கு வண்டி ஒரு வரி. உங்களுக்கு வாழ்நாள் தலைவலி. 2014 டிசம்பரில் ஹம்வீ வண்டிகளைப் பொதுமக்களுக்கு ஏலம் விடத் தொடங்கியபோது சாலையில் ஓட்டுவதற்கு அல்ல என்ற நிபந்தனையோடுதான் விற்றார்கள். எண் சரியாக இருந்தும் பதிவுக்கு அலைந்தவர்கள் இருந்தார்கள்.

காகிதமும் சேஸும் பொருந்தவில்லை என்றால் என்ன செய்வது? இங்கேதான் கை அரிக்கும். வெற்றுத் தகடுகள் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. எழுத்துக்கட்டைகள் எந்தக் கருவிக் கடையிலும் கிடைக்கும். ஒரு மாலை வேலையில் தகட்டைக் காகிதத்துக்குப் பொருத்திவிடலாம். பழுதுபார்த்த வண்டியை அழகுபடுத்த, மூலத் தகட்டில் இருந்ததையே புதுத் தகட்டில் எழுதுவது ஒன்று. பதிவுக்காக எண்ணை மாற்றுவதோ நீக்குவதோ அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 18-ஆம் தலைப்பு, 511-ஆம் பிரிவின்படி சிறைக்குரிய குற்றம். நேரான வழி சற்று நீளமானது. சான்றிதழ் கொடுத்த இடத்தில் திருத்தம் கேட்க வேண்டும். எண்ணே கிடைக்காவிட்டால் மாநில அதிகாரி வந்து பரிசோதித்து, அரசே புதிதாக ஓர் எண்ணை ஒதுக்கி ஒட்டித்தரும். ராணுவ வரலாற்றில் பற்று உள்ளவர்களுக்கு அந்தப் புது ஸ்டிக்கர் கண்ணில் குத்தும். எனக்கு அதில் வருத்தமில்லை. பொய்யான பழைய எண்ணைவிட உண்மையான புது எண் மேல்.

இந்தியக் கதையும் இதோடு ஒட்டியதுதான். உலகப் போர் முடிந்தபோது இந்தியாவில் குவிந்திருந்த அமெரிக்க உபரி 1946 உடன்பாட்டின்படி இந்திய அரசுக்கு வந்தது. அதில் ஜீப்புகளும் லாரிகளும் இருந்தன. ‘டிஸ்போசல் ஜீப்’ என்ற பேச்சு நம்மூர்ப் பட்டறைகளில் அந்தக் காலத்திலிருந்தே நிலைத்தது. இன்று இந்திய ராணுவ வண்டிகளின் எண், மேல்நோக்கிய அம்போடு வருகிறது. பிரிட்டிஷ் அரசு தன் உடைமைகளில் நூற்றாண்டுகளாகப் பொறித்துவந்த அகல அம்புக் குறியின் வாரிசு அது. அம்பை அடுத்த இரண்டு இலக்கங்கள் வண்டியை வாங்கிய ஆண்டைக் காட்டும். பிறகு ஓர் எழுத்து, வரிசை எண், கடைசியில் இன்னோர் எழுத்து. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு, பாதுகாப்புக்காக ஓடும் மத்திய அரசு வண்டிகளைத் தனி அதிகாரியே பதிவு செய்துகொள்ள இடமளிக்கிறது. பாதுகாப்புப் பணியிலிருந்து வண்டி விலகிவிட்டால் எல்லோருக்கும் உரிய 39, 40-ஆவது பிரிவுகள் அதற்கும் பொருந்தும். அதாவது வாங்கியவர் ஆர்டிஓவிடம் போய் வரிசையில் நிற்க வேண்டும். அம்பு எண் அங்கே செல்லாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 122-ஆவது விதி தயாரிப்பாளர் சேஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் தயாரித்த மாதத்தையும் பொறிக்க வேண்டும் என்கிறது. அசோக் லேலண்டின் ஸ்டாலியன் லாரிக்கு அந்த எண் ஆலையிலேயே விழுந்திருக்கும். ஜபல்பூர் ஆலைகளில் செய்த பழைய ராணுவ வண்டிகளான சக்திமானையோ ஜோங்காவையோ கண்டம் செய்த நிலையில் எடுக்கிறவர்தான் மறுபடி கம்பி பிரஷ்ஷும் டார்ச்சும் தூக்க வேண்டியவர்.

ஏலத்துக்குப் போகும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பணம் கட்டுவதற்கு முன் ஒரு தாளையும் பென்சிலையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். சேஸில் உரசி எடுத்த எண், டேஷ்போர்டுத் தகட்டின் புகைப்படம், விற்பனைக் காகிதம் மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் பொருந்தாவிட்டால் விலை எவ்வளவு மலிந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். பொருந்தி வாங்கிவிட்டீர்கள் என்றால், புதுப் பெயின்ட் அடிக்கும் ஆசை வரும். பானட்டையும் பம்பரையும் தேய்க்கும் முன் ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.